பால் குடித்த டி-சர்ட்

மேடையில் பிள்ளைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளை டி-சர்ட். நெஞ்சில் ஒரு கன்றுக்குட்டி முன்னங்காலை மடக்கிப் புஜத்தைக் காட்டிச் சிரிக்கும். பாட்டுக்கு ஏற்றபடி கையைத் தூக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் தூக்கினார்கள். சட்டையும் கூடவே ஏற, அத்தனை தொப்புளும் வெளியே எட்டிப் பார்த்தது.

கூட்டம் சிரித்தது. மைக்கைப் பிடித்திருந்த பால் கம்பெனி இளைஞர் சிரிப்பு அடங்கும்வரை பொறுமையாக நின்றார். அப்படித்தான் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருப்பார் போல.

"சிரிக்காதீங்க பேரன்ட்ஸ். ஜூன் மாசம் இதே டி-சர்ட்டைக் குடுக்கும்போது இடுப்புக்குக் கீழ தொங்குச்சு. இப்ப எங்க இருக்குன்னு பாருங்க. சட்டை அதேதான். வளர்ந்தது உங்க பிள்ளைங்க."

தகரக் கூரை அதிரும்படி கைதட்டல். அருள்புரத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து ஹால் அது. கூரைச் சூட்டில் பவுடர் வாசனையும் வியர்வை வாசனையும் கலந்து அடித்தது. எனக்கு முன்வரிசையில் ஒரு அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். பனியன் கம்பெனியில் செக்கிங் செக்ஷனைப் பார்த்துக்கொள்கிறவள். ஆளைப் பார்க்கும் முன் ஆள் போட்டிருக்கும் துணியைப் பார்க்கிற ஜென்மம். ஆகவே என் கண் பிள்ளைகளின் தொப்புளுக்குப் போகவில்லை. சட்டையின் பக்கத் தையலுக்குப் போனது.

பக்கத் தையல் பக்கத்தில் இல்லை. முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்திருந்தது.

சந்தேகத்துக்குச் சம்பளம்

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, உங்களுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்தானா என்று கேட்டிருக்கிறார். ஆமாங்க. பல வருஷமாக அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

டியூப் லைட்டுக்குக் கீழே மேசை. மேசை மேல் சட்டை. ஓட்டை இருக்கும், எண்ணெய்க் கறை இருக்கும், தையல் விட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொன்றையும் கையில் எடுக்க வேண்டும். நன்றாகத்தான் இருக்கும் என்று நம்பி எடுத்தால் கறை கண்ணில் படாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். காய்கறிக்காரர் தராசு, ஜோசியர் சொல்லும் நல்ல நேரம், என் வீட்டுக்காரர் போனில் "இதோ வந்துட்டேன்" என்பது, எல்லாம் என்னிடம் டியூப் லைட்டுக்குக் கீழே வந்தாக வேண்டும்.

அட்டையை நம்பாத குணமும் தொழிலில் வந்ததுதான். ஒரே துணி, ஒரே லைனில் தைத்து வந்த சட்டைகள். பாதிக்கு ஒரு அட்டை, மீதிக்கு வேறொரு அட்டை தொங்கவிடுவோம். ஒன்றில் மலையும் ஓடையும் போட்டு, இயற்கையின் மென்மை என்று எழுதியிருக்கும். இன்னொன்றில் ஓடுகிற ஆள் படம் போட்டு, வீரர்களின் தேர்வு என்றிருக்கும். சட்டைக்கு இந்தச் சங்கதியெல்லாம் தெரியாது. கடையில் இதைத் தடவிப் பார்த்து, "ஆமா, மென்மையாத்தான் இருக்கு" என்று தலையாட்டுகிறவர்களை நினைத்து நாங்கள் மதியச் சாப்பாட்டில் சிரித்திருக்கிறோம்.

பனியன் துணியைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெளியூர் வாசகர்களுக்கு உதவும். பனியன் துணி இழுபட்டு இழுபட்டுத்தான் மிஷினிலிருந்து வருகிறது. அந்த இழுப்பை அடக்க காம்பாக்டிங் என்று ஒரு வேலை உண்டு. அதை ஒழுங்காகச் செய்யாமல் விட்ட மலிவுத் துணி, நாலு சலவை பார்த்ததும் தன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நீளம் சுருங்கி மேலே ஏறும். அகலம் தொளதொளவென்று ஆகும். பக்கத் தையல் முன்னால் திரும்பும்.

திருப்பூர்ப் பக்கத்தில் இதைத் தெரியாதவர் யாரும் இல்லை. அன்றைக்கு அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கட்டிங், தையல், அயர்ன், டையிங் என்று இந்தத் துணியிலேயே பிழைப்பவர்கள். அத்தனை பேரும் சேர்ந்துதான் கைதட்டினோம். அது எப்படி நடந்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

எங்கள் வீட்டுப் பால்

பால் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. டீ இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது. என் சந்தேகமெல்லாம் பாலைச் சுற்றி வரும் பேச்சின் மேல்தான். அது கொஞ்சம் பழைய சந்தேகம்.

நான் பிறந்தது பொங்கலூர்ப் பக்கம். வீட்டில் மாடுகள் இருந்தன. பால் இருந்ததா என்றால், இருந்தது, கேனில். விடிவதற்குள் கறந்து பால் சொசைட்டிக்குப் போய்விடும். எங்களுக்கு வரக்காப்பி.

டி.வி. வந்த புதிது. விளம்பரத்தில் ஒரு பையன் ஒரு டம்ளர் பாலை மூச்சுவிடாமல் குடித்துவிட்டு, மேலுதட்டில் வெள்ளை மீசையோடு சிரிப்பான். அடுத்த நொடி அவன் அடிக்கும் பந்து ஊரைத் தாண்டிப் போகும். நான் அம்மாவிடம் போய் எனக்கும் ஒரு டம்ளர் வேண்டும் என்று நின்றேன். அது சொசைட்டிப் பால் என்று அம்மா சொல்லிவிட்டார். என்னவோ அடுத்த வீட்டு மாட்டில் கறந்த மாதிரி.

அப்பாவுக்கு சொசைட்டியில் பால் பார்க்கிறவர் மேல் சந்தேகம். அவருக்கு அப்பா மேல் சந்தேகம். பாலில் கருவியை மிதக்கவிட்டு, "தண்ணி சாஸ்தியா இருக்குதுங்களே" என்று அவர் சொல்லும் நாளில் அப்பா வீடு வந்து சேரும்வரை புலம்புவார். இப்படிக் கறக்கிறவரும் அளக்கிறவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு அனுப்பிய பால்தான், டவுனில் பாக்கெட்டுக்குள் போனதும் 'நம்பிக்கை' ஆகிவிடும். எந்தப் பாக்கெட்டை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், அந்த வார்த்தை எங்காவது இருக்கும்.

வரக்காப்பியில் வளர்ந்த என் அண்ணன் எந்த வீட்டுக்குள் போனாலும் நிலையில் தலையை இடித்துக்கொள்வான். அதே காப்பியைக் குடித்த நான் குள்ளம். இதை வைத்துக் காப்பி உயரம் தரும் என்றும் அட்டை எழுதலாம், தராது என்றும் எழுதலாம். எழுதுகிறவர் எந்தப் பிள்ளையைப் படம் பிடிக்கிறார் என்பதுதான் விஷயம்.

கதவு நிலையில் ஒருத்தி

என் மகள் தாரணி அப்போது நாலாம் வகுப்பு. உயரத்தில் என்னைக் கொண்டு பிறந்துவிட்டாள். அசெம்பிளி வரிசையில் எப்போதும் முதல் ஆள். அதைப் பற்றி அவள் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. த்ரோபால் டீமுக்குப் பேர் கொடுக்கப் போனபோது, கொஞ்சம் வளர்ந்து வா, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று விளையாட்டு சார் சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் அதை அன்றே மறந்திருப்பார். இவள் மறக்கவில்லை.

ஸ்கூல் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் கதவு நிலையில் முதுகை ஒட்டி நிற்பாள். தலைக்கு மேல் ஸ்கேலை வைத்துப் பார்க்கச் சொல்லுவாள். நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் இருக்கும்? முகம் சுருங்கிப் போய் உள்ளே போவாள். குள்ளமாக இருப்பது ஒரு குறையில்லை என்று சொல்ல வேண்டிய நானே குள்ளமாக இருந்ததால் அவள் அதை நம்பவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பால் வந்தது.

ஒரு பால் கம்பெனி பள்ளிக்கூடத்தோடு பேசி, இன்டர்வெல்லில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தினமும் ஒரு கப் பால் என்று ஆரம்பித்தது. மஞ்சள் நிறம், பாதாம் வாசனை, நாக்கில் ஒட்டும் இனிப்பு. முதல் டேர்ம் முழுக்க இலவசம் என்றார்கள். இலவசம் என்று கேட்டாலே என் கை தானாகத் துணியைத் திருப்பி உள்பக்கம் பார்க்கும்.

உள்பக்கம் சீக்கிரமே தெரிந்தது. பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, அதே கன்றுக்குட்டி போட்ட பாக்கெட்டைத்தான் வாங்க வேண்டும் என்று அடம்பிடிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் தெரு மளிகைக் கடையில் அதுவரை இல்லாத பாக்கெட் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. பள்ளிக்கூடத்தில் ஒரு கப் ஊற்றினால் தெருவெல்லாம் முளைக்கும் என்று கணக்குப் போட்டவர் கெட்டிக்காரர்.

அந்தக் கன்றுக்குட்டிப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். எங்கள் வீட்டில் கறக்கும் நேரத்துக்குக் கன்றை இழுத்துப் பிடித்துக் கட்டுவது என் வேலை. அது கயிற்றைத் தெறித்துக்கொண்டு தாயிடம் போகப் பார்க்கும். ஒரு கன்றும் பாலை விட்டுக்கொடுத்துப் புஜம் காட்டிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

குடித்து முடித்த பிள்ளைக்கு ஒரு ஸ்டார் ஒட்டுவார்கள். புதன்கிழமை பால் நாள், அன்றைக்கு கன்றுக்குட்டி டி-சர்ட். வகுப்பு டி.வி.யில் ஒரு வீடியோவும் போட்டுக் காட்டினார்கள். அதில் ஒரு பையன் பால் குடிப்பான். கால் எலும்பு கடகடவென்று சத்தம் போட்டபடி நீளும்.

இந்தச் சத்தத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றுக்குள் அதே சத்தம்

ஜூலை வாக்கில் தாரணி வீட்டுக்கு வந்ததும் சுருண்டு படுக்க ஆரம்பித்தாள். வயிற்று வலி. சில நாள் வகுப்பு நடுவில் ஓடிப் போய்ப் பாத்ரூமில் உட்கார்ந்துவிடுவாளாம். நான் முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். பிறகு பள்ளிக்கூட வாசலில் விற்கும் மாங்காயை. பிறகு என் சாம்பாரை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவள் சிட்டாகத் திரிவதைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. வீட்டில் அவள் அதுவரை பாலாகக் குடித்ததே இல்லை. டீயில் சேரும் பால்தான்.

பல்லடத்தில் குழந்தை டாக்டரிடம் போனோம். சில பிள்ளைகளுக்குப் பால் செரிக்காது, நிறுத்திப் பாருங்கள் என்றார். தயிர் ஒத்துக்கொண்டால் கொடுங்கள், முட்டையும் பயறும் கடலையும் சாப்பிடட்டும், உயரம் அதன் போக்கில் வரும் என்றார். வகுப்பு ஆசிரியையிடம் சொன்னேன். போகப் போகப் பழகிவிடும், எல்லாரும் குடிக்கும்போது ஒருத்தி மட்டும் சும்மா உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும் என்றார். நான் விடவில்லை. சரி, கட்டாயப்படுத்த மாட்டோம் என்றார்.

தாரணியும் இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். வலி மட்டும் நிற்கவில்லை.

ஒரு புதன்கிழமை துவைக்க எடுத்தபோது டி-சர்ட் கழுத்தில் மஞ்சளாக ஒரு சொட்டு. கறை கண்டுபிடிப்பதுதானே என் பிழைப்பு. மோந்து பார்த்தேன், பாதாம். கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். திட்டவில்லை. ஏன் கண்ணு, வலிக்குதுன்னு தெரிஞ்சே ஏன் குடிக்கறே என்றுதான் கேட்டேன்.

அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்த வீடியோல எலும்பு நீளும்போது கடகடன்னு சத்தம் வருமுங்கம்மா. பாலு குடிச்சா எனக்கும் வகுத்துக்குள்ள அதே சத்தம் வருது. அப்ப வளருதுன்னுதானுங்க அர்த்தம்? நோவு கொஞ்சந்தானுங்கம்மா. நான் பொறுத்துக்குவேன்."

வயிறு வேண்டாம் என்று கதறுகிற சத்தத்தை, உயரம் வருகிற சத்தம் என்று நினைத்து என் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அது பால் ஒத்துக்கொள்ளாத சத்தம் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். வீடியோவில் வந்ததை விடவா அம்மா சொல்வது பெரிது? கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. மூடிய வகுப்பறைக்குள் ஒரு கப்பை அவள் வாங்கிக் குடிப்பதை, கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு நான் எப்படித் தடுப்பேன்?

இந்த நிலையில்தான், தாரணியும் மேடையேறிய அந்த விழா.

டி-சர்ட்டே சாட்சி

இப்போது மேடைக்கு வருவோம். பக்கத் தையல் வயிற்றுக்கு வந்திருப்பதைப் பார்த்துவிட்டு நான் பக்கத்தில் திரும்பினேன். என் அருகே பாண்டியம்மாள். தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, எங்கள் கம்பெனியிலேயே ஓவர்லாக் தைக்கிறாள். அவள் மகனும் மேடையில் நின்றான். அவளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தையலு திரும்பிருச்சு, பாத்தீகளாக்கா?" என்று என் காதருகே சொன்னாள். "வேகாத துணி, காம்பாக்டிங் பத்தல. புள்ளைக வளந்திருந்தா தோளுமில்ல பிடிக்கணும்? தோளு தொங்குது."

சொல்லிவிட்டு எல்லோரையும் விட பலமாகக் கைதட்டினாள். நான் அவளைப் பார்த்த பார்வைக்கு, "இருக்கட்டும்க்கா, எம்புட்டுச் சந்தோசமா நிக்கிறாய்ங்க பாருங்க" என்றாள்.

அவளை நான் என்ன சொல்ல? அவள் மகனுக்குப் பால் ஒத்துக்கொண்டது. சந்தோஷமாகக் குடித்துவிட்டு விளையாடப் போகிறான். தையல் திரும்பியதால் அவளுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

அப்போதுதான் அந்த இளைஞர் தாரணியை முன்னால் கூப்பிட்டார். வரிசையிலேயே சின்னவள் என்பதால் கூப்பிட்டிருக்க வேண்டும். அவள் சட்டையின் கீழ் விளிம்பைப் பிடித்து இழுத்துக் காட்டினார். இழுத்தும் இடுப்பைத் தொடவில்லை.

"அளவு டேப் எதுக்குங்க? டி-சர்ட்டே சாட்சி!"

ஜூனில் ஒரு பிள்ளைக்காவது அளவு எடுத்தீர்களா என்று அந்த இடத்தில் எழுந்து கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. தாரணி கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் அந்த வருஷத்தில் பார்த்ததில்லை. பாத்தீங்களா, நான் சொன்னேனே என்று அந்த முகம் சொன்னது. என் கை தானாகத் தட்டியது.

வீடு வரும் வழியெல்லாம் வண்டியில் என் முதுகில் சாய்ந்து பேசிக்கொண்டே வந்தாள். இனிமேல் இரண்டு கப் கேட்டு வாங்கிக் குடிக்கப் போகிறாளாம்.

எச்.எம். அறையில்

திங்கட்கிழமை வேலைக்கு பர்மிஷன் போட்டுவிட்டு எச்.எம். மேடத்தைப் பார்க்கப் போனேன். போகிற வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று அடுக்கிவைத்திருந்தேன். பக்கத் தையலில் ஆரம்பித்து தோளில் முடிப்பதாகத் திட்டம். நான் பக்கத் தையல் என்று சொன்னதுமே அவர் கையமர்த்தினார்.

"எனக்குத் தெரியாமயாங்க இருக்கும்? எங்க ஊட்டுக்காரரு அவிநாசில நிட்டிங் ஓட்டறாருங்க. பார்சலைப் பிரிச்சன்னிக்கே தொட்டுப் பாத்தனுங்க. தண்ணி பட்டா ஏறிக்கும்னு அப்பவே தெரியும்."

அடுக்கி வைத்ததெல்லாம் சரிந்துவிட்டது. தெரிந்துமா மேடையில் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். வராந்தாவில் புதிதாக ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு மிஷின். அதன் நெற்றியிலும் கன்றுக்குட்டி ஸ்டிக்கர்.

"போன வருசம் வரைக்கும் புள்ளைக போர்த் தண்ணியத்தானுங்க குடிச்சுது. கேட்டுக் கேட்டுப் பாத்தோம், யாரும் குடுக்கல. இவிங்க குடுத்தாங்க. ஒரு நா மேடைல அவிங்க பேசிட்டுப் போகட்டும்னு உட்டுட்டனுங்க." என்னைப் பார்த்தார். "நீங்களும்தானுங்க கைதட்டுனீங்க. நான் மேல இருந்து பாத்தேன்."

தாரணியின் வயிற்றைப் பற்றிச் சொன்னேன். வீடியோ சத்தத்தைச் சொன்னேன். இரண்டு கப் குடிக்கப்போவதாகச் சொல்கிறாள் என்றேன். அதுவரை தலைமையாசிரியையாக உட்கார்ந்திருந்தவர் அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். இதெல்லாம் தன் காதுக்கு வரவே இல்லை என்றார். அந்த ஒன்றை நான் நம்பினேன்.

அவர் எழுந்து பீரோவைத் திறந்தார். பாலிதீன் கவர்கூடப் பிரிக்காத ஒரு டி-சர்ட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். ஒடிசாவிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பிள்ளைக்கு வைத்திருந்ததாம். குடும்பம் ஊருக்கே திரும்பிவிட்டதால் அப்படியே கிடந்திருக்கிறது. தாரணிக்கு என்ன சைஸோ அதே சைஸ்.

"இனிமேல் அவளுக்குக் கப்பே போவாதுங்க, நான் பாத்துக்கறேன். ஆனா புள்ளைகிட்ட நீங்கதானுங்க சொல்லோணும்."

கவர் பிரித்த சட்டை

அன்று சாயங்காலம் தாரணி வந்ததும் கவரைக் கிழித்துச் சட்டையை நீட்டினேன். புதுசா என்று ஆசையாக வாங்கி, தலை வழியாக மாட்டிக்கொண்டாள்.

சட்டை இறங்கியது. தொப்புளைத் தாண்டி, இடுப்பைத் தாண்டிப் போய் நின்றது. ஜூனில் எங்கே நின்றதோ அங்கேயே.

நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பனியன் ஊரில் பிறந்த பிள்ளை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த பழைய டி-சர்ட்டை எடுத்து வந்து, இரண்டையும் கட்டில் மேல் ஒன்றன் மேல் ஒன்றாக விரித்துப் பார்த்தாள். கம்பெனியில் நான் செய்வதைப் பார்த்திருக்கிறாள். கழுத்துக்குக் கழுத்து சரியாக வைத்தாள். கீழ் விளிம்பில் நாலு விரல் அகலத்துக்குப் புதுச் சட்டை வெளியே தெரிந்தது.

"அப்ப யாருமே வளரலீங்களாம்மா?"

வளர்ந்திருப்பார்கள், ஆனால் இது அதைச் சொல்லாது என்றேன். அப்போது வயிற்றுக்குள் கேட்ட சத்தம் என்று கேட்டாள். அது பால் ஒத்துக்காத சத்தம் கண்ணு என்றேன். இந்த முறை நம்பினாள். நம்பியதால் அழுதாள். அப்படியே அந்தப் பெரிய சட்டையோடு கட்டிலில் கவிழ்ந்துகொண்டாள்.

அவள் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. யாரோ மலிவுத் துணியை வாங்கித் தைத்துக் கொடுத்துவிட்டு, அது சுருங்கியதையும் தன் புகழாக விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். அந்தப் பொய்யை என் பிள்ளைக்கு முன்னால் உடைக்கிற வேலை மட்டும் எனக்கு வந்து சேர்ந்தது.

ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் சிவகுமார் கேட்டுவிட்டுச் சங்கடப்பட்டார். "கொஞ்ச நா சந்தோசமா இருந்துட்டுப் போகட்டும்னு உட்டிருக்கலாமில்ல அம்மிணி?" என்றார். அந்தச் சந்தோஷத்துக்கு அவள் தினமும் இரண்டு கப் குடிக்க வேண்டியிருக்குமே என்றேன். அவர் போய் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாப் ஃபிளெக்ஸ்

அதன் பிறகு தாரணியின் வயிறு அடங்கியது. இன்டர்வெல்லில் மற்ற பிள்ளைகள் கப்பை வாங்கும்போது இவள் டப்பாவைத் திறந்து கடலை மிட்டாய் சாப்பிட்டாள். முதலில் கேலி செய்தவர்கள், மிட்டாயைப் பார்த்ததும் நட்பாகிவிட்டார்கள். கதவு நிலையில் நிற்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் நானே ஸ்கேலை எடுத்துக்கொண்டு கூப்பிட்டேன். வேண்டாமுங்கம்மா என்று சொல்லிவிட்டு ஹோம்வொர்க் எழுதப் போய்விட்டாள்.

தீபாவளி சமயம் அருள்புரம் பஸ் ஸ்டாப்பில் ஒரு ஃபிளெக்ஸ் முளைத்தது. புஜம் காட்டும் கன்றுக்குட்டி, பக்கத்தில் கையைத் தூக்கிச் சிரிக்கிற என் மகள். தொப்புள் தெரிகிறது. மேலே 'வளர்கிறாள் பாருங்கள்' என்று கொட்டை எழுத்து. பால் குடிப்பதை நிறுத்திய பிள்ளை பால் விற்றுக்கொண்டிருந்தாள்.

கம்பெனி இளைஞருக்கு போன் செய்தேன். யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்றேன். அட்மிஷனில் ஃபோட்டோவுக்குக் கையெழுத்து வாங்கியிருப்பார்களே மேடம் என்றார். அவள் பால் குடிப்பதில்லை என்றேன். "ஆனா ஃபோட்டோல ரொம்ப ஹெல்தியா இருக்காங்களே மேடம்" என்றார். அடுத்த விளம்பரம் வரும்போது மாற்றிவிடுவதாகச் சொன்னார். ஐப்பசி மழையும் கார்த்திகைக் காற்றும் சேர்ந்துதான் அதைக் கிழித்தன. அதுவரைக்கும் தினமும் வேலைக்குப் போகும்போது அந்த முறுக்கிய பக்கத் தையலைப் பார்த்துக்கொண்டேதான் போனேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை. தாரணி யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். நான் டிபன் டப்பாவோடு வந்தவள் நின்றுவிட்டேன். பாவாடை முழங்காலுக்கு மேல் நின்றது. ஜூனில் முழங்காலை மூடிக்கொண்டிருந்த பாவாடை.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. யூனிஃபார்ம் கடைக்காரனைத் திட்ட ஆரம்பித்தேன். இவனும் ஏமாற்றிவிட்டான், ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் துணி இப்படிச் சுருங்கிப் போச்சே, இன்றைக்கே கொண்டுபோய் அவன் முகத்தில் விட்டெறிகிறேன் என்று கத்திக்கொண்டே போனேன்.

தாரணி லேஸை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். பாவாடையைக் குனிந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இது பாலியஸ்டருங்கம்மா. சுருங்காது."

அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, பாவாடை ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். பாலியஸ்டர்தான்.